ஒளியால் நினைவை அழித்தார்கள் என்றால், அழிந்தது எது?

கயல் எழுதியது:

வணக்கம். எம்.எஸ்ஸி. விலங்கியல், இரண்டாம் ஆண்டு. அடுத்த வாரம் துறையில் ஆய்வுக்கட்டுரை வாசிப்பது என் முறை. நான் எடுத்திருப்பது 2014-இல் நேச்சர் இதழில் வந்த சாதேக் நபாவி, ராபர்ட்டோ மாலினோ குழுவின் கட்டுரை. கலிபோர்னியா பல்கலைக்கழகம், சான் டியேகோ. எலிக்கு ஒரு பய நினைவை ஒளியால் உண்டாக்கினார்கள், ஒளியால் அழித்தார்கள், பிறகு ஒளியாலேயே திரும்பக் கொண்டுவந்தார்கள் என்று செய்திகளில் சொல்வார்களே, அதுதான்.

படித்துவிட்டேன், படிகள் புரிகின்றன. மாட்டிக்கொண்டது என் வழிகாட்டி கேட்ட கேள்வியில். "சினாப்ஸ், அதாவது இரண்டு நியூரான்கள் இணையும் இடம், பலப்படுவதுதான் கற்றல் என்று மின்முனையை வைத்து எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறார்கள். ஒளி வந்து புதிதாக என்ன செய்துவிட்டது?" துல்லியம் என்றேன். "அது விளம்பரத்தில் வருகிற வார்த்தை. பதிலைச் சொல்" என்றார்.

இங்கே ஆய்வகத்தில் இருப்பவர்கள் யாராவது உதவ முடியுமா?

பழைய அலைக்காட்டி எழுதியது:

உங்கள் வழிகாட்டி கேட்டது சரியான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் இருக்கிறது அம்மா.

ஆஸ்லோவிலிருந்து தொடங்குங்கள். 1966-இல் டெர்யே லோமோ, பெர் ஆண்டர்சனின் ஆய்வகத்தில், மயக்கத்திலிருந்த முயலின் ஹிப்போகேம்பஸுக்குள் (நினைவுக்கு முக்கியமான மூளைப்பகுதி) நுழையும் நரம்பிழைகளை வேகவேகமாகத் தூண்டிப் பார்த்தார். தூண்டலை நிறுத்திய பிறகும் அடுத்த நிலையில் கிடைத்த மின்பதில் பெரிதாகவே இருந்தது. பிறகு டிம் பிளிஸ் வந்து சேர, இருவரும் முறையாகச் செய்து 1973-இல் வெளியிட்டார்கள். மணிக்கணக்கில் நீடித்த அந்த வலுவூட்டத்தைத்தான் இன்று எல்.டி.பி. என்கிறோம். சேர்ந்து துடிக்கும் நியூரான்களின் இணைப்பு பலப்படும் என்று டொனால்ட் ஹெப் 1949-இல் வெறும் யோசனையாக எழுதி வைத்திருந்தது கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பாடம் எடுத்த காலத்தில் இந்தப் படத்தைக் கரும்பலகையில் வரையாத வருடம் எனக்கு இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு வந்த சான்றுகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 1997-இல் ஜோசப் லெடூ குழு, பயம் கற்ற எலியின் அமிக்டலாவில் (பயத்தைக் கையாளும் மூளைப்பகுதி) மின்பதில் பெரிதானதைக் காட்டியது. 2006-இல் மார்க் பேர் குழு, ஹிப்போகேம்பஸில் கற்றலுக்குப் பிறகு எல்.டி.பி. வருவதைக் காட்டியது. எல்லாமே ஒரே திசை: எலி கற்கிறது, சினாப்ஸ் பலப்படுகிறது. மழை பெய்தால் குடை விரியும், குடையை விரித்தால் மழை வருமா என்று யாரும் சோதிக்கவில்லை. ரிச்சர்ட் மோரிஸும் அவருடைய சகாக்களும் 2000-இல் எழுதிய நீண்ட மதிப்பாய்வில் இதைத்தான் கேட்டார்கள்: சினாப்ஸுகளை நாமாக மாற்றினால், நடக்காத அனுபவத்துக்கு நினைவு பிறக்குமா? இருக்கிற நினைவு போகுமா?

மின்முனையால் ஏன் இதைச் செய்ய முடியவில்லை என்றால், மின்சாரத்துக்கு ஆள் தெரியாது. அமிக்டலாவின் பக்கவாட்டுப் பகுதியில் கம்பியை இறக்கினால் தாலமஸிலிருந்து வருகிற இழை, மூளைப் புறணியிலிருந்து வருகிற இழை, உள்ளூர்த் தடுப்பு நியூரான், வெறுமனே அந்த வழியாகப் போகிற இழை எல்லாமே சேர்ந்து துடிக்கும். பயம் போனாலும் வந்தாலும் எதனால் என்று சொல்ல வழியில்லை.

இந்தக் குறையை பிரான்சிஸ் கிரிக் 1979-லேயே எழுதிவிட்டார். ஒரே வகை நியூரானை மட்டும் இயக்கும் வழி வேண்டும், மற்றவை அப்படியே இருக்க வேண்டும் என்றார். அதற்கு ஒளி உதவலாம் என்று 1999-இல் அவரே சொன்னார்.

பாறைச்செடி எழுதியது:

ஐயா சொன்னதற்கு அடுத்த படியை நான் எழுதுகிறேன். மூளைச் சீவல்களில் மின்பதிவு செய்வதுதான் என் அன்றாட வேலை.

கிளமைடோமோனஸ் என்ற பச்சைப்பாசி வெளிச்சம் தேடி நீந்துவதற்கு ஒரு புரதத்தை வைத்திருக்கிறது. நீல ஒளி பட்டால் திறந்து, நேர்மின் அயனிகளை உள்ளே விடும் வாயில். சேனல்ரோடாப்சின்-2 அப்படித்தான் வேலை செய்கிறது என்று கியோர்க் நாகல், பீட்டர் ஹேகமான், எர்ன்ஸ்ட் பாம்பெர்க் ஆகியோர் 2003-இல் காட்டினார்கள். 2005-இல் எட் பாய்டன், கார்ல் டைசரோத் முதலியோர் ஸ்டான்போர்டில் அதை நியூரானுக்குள் வைத்து, 470 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியால் மில்லிநொடிக் கணக்கில் துடிக்க வைத்தார்கள். அதற்கு முன்பே, 2002-இல், கெரோ மீசென்பொக் வேறு புரதங்களை வைத்து நியூரானை ஒளிக்குக் கட்டுப்பட வைத்திருந்தார். அதை விட்டுவிட்டுக் கதை சொல்வது நியாயமில்லை.

இப்போது கயலின் கட்டுரை. அதில் சேனல்ரோடாப்சின்-2 இல்லை, ஓ-சீஃப் என்ற மாற்றுவடிவம் இருக்கிறது. ஏன் என்று கட்டாயம் கேட்பார்கள். எல்.டி.பி. வர 100 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு நூறு முறை, தூண்ட வேண்டும். சாதாரணச் சேனல்ரோடாப்சின் மூடுவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும். 40 ஹெர்ட்ஸைத் தாண்டினாலே பல நியூரான்கள் துடிப்பைத் தவறவிடும். ஓ-சீஃப் சட்டென்று மூடும். அதை உருவாக்கிய ஜான் லின்னும் அவர் வேலை செய்த ஆய்வகத்தின் ரோஜர் சியெனும் ஆசிரியர் பட்டியலிலேயே இருக்கிறார்கள்.

அந்த மரபணுவைச் சுமந்த ஏ.ஏ.வி. வைரஸை அமிக்டலாவில் செலுத்தவில்லை, இதைக் கவனியுங்கள். ஒலிச்செய்தி வருகிற தாலமஸ் பகுதியிலும் ஒலிப்புறணியிலும் செலுத்தினார்கள். புரதம் இழை நெடுகப் பயணித்து அமிக்டலாவில் இருக்கும் முனைகள்வரை வந்துவிடும். ஒளியிழையின் நுனி இருப்பது அமிக்டலாவின் மேல். ஆகவே அந்த இடத்தில் ஒளிக்குப் பதில் சொல்வது அங்கிருந்து வந்த இழைமுனைகள் மட்டும்தான். அணைக்கட்டின் எல்லா மதகையும் திறக்காமல் ஒரு வயலின் மடையை மட்டும் திறப்பது மாதிரி. "துல்லியம்" என்ற வார்த்தைக்குப் பதிலாக இந்தப் படத்தை வரைந்து காட்டுங்கள், வழிகாட்டி அடங்கிவிடுவார்.

எலி சர்க்கரைக்காக நெம்புகோலை அழுத்திக்கொண்டிருக்கும். வழக்கமாக ஒலி கேட்டதும் காலில் ஷாக் என்று பழக்குவார்கள். இங்கே ஒலியே கிடையாது. 10 ஹெர்ட்ஸ் ஒளித்துடிப்பும் ஷாக்கும் சேர்ந்து வரும். மறுநாள் ஒளி போட்டதும் அழுத்துவது குறைந்தால் பயம் வந்துவிட்டது என்று பொருள். ஒளியையும் ஷாக்கையும் வேறு வேறு நேரத்தில் கொடுத்த எலிகளுக்குப் பயம் வரவில்லை. எல்.டி.பி.க்குத் தேவையான என்.எம்.டி.ஏ. ஏற்பியை மருந்தால் அடைத்தபோதும் சரியாக வரவில்லை.

அப்புறம்தான் அந்தப் புகழ்பெற்ற பகுதி. நொடிக்கு ஒன்றாக 900 துடிப்புகள், அதாவது கால் மணி நேரம். இது சினாப்ஸைத் தளர்த்தும் எல்.டி.டி. முறை. பயம் போயிற்று. அதே இழைகளில் 100 ஹெர்ட்ஸ் எல்.டி.பி. முறை. பயம் திரும்பியது. மறுபடி எல்.டி.டி., மறுபடி போயிற்று.

மின்கம்பி எழுதியது:

நான் மின்பொறியாளன், உயிரியல் பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் மூளைக்குள் லேசரைச் செலுத்துகிறீர்கள், அதன் சூட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. பயம் போனது எல்.டி.டி.யாலா, அந்த இடம் கால் மணி நேரம் வெந்ததாலா?

இரண்டாவது, எலிக்குக் கண் இருக்கிறது. மண்டையில் நீல விளக்கு எரிந்தால் அதற்குத் தெரியாதா? கண்ணால் பார்த்த வெளிச்சத்துக்குப் பயந்திருக்கலாமே.

பாறைச்செடி எழுதியது:

இரண்டுமே இந்தத் துறையில் நிஜமாகவே ஆட்களைக் கவிழ்த்த விஷயங்கள்தான்.

சூடு: தொடர்ச்சியாக எரியும் ஒளியில் அது பெரிய தொல்லை. 2019-இல் ஓர் ஆய்வு, எந்த ஒளிப்புரதமும் வைக்காத எலிகளிலேயே ஒளி மட்டும் பட்டு நியூரான்களின் துடிப்பு மாறுவதைக் காட்டியது. திசு ஓரிரு டிகிரி சூடானாலே போதும், நடத்தையே ஒருபக்கம் சாயும். ஆனால் கயலின் கட்டுரையில் எல்.டி.டி. என்பது நொடிக்கு ஒரு துடிப்பு, துடிப்பு நீடிப்பது சில மில்லிநொடி. நீங்களே கணக்குப் போடுங்கள். விளக்கு எரிகிற நேரம் மொத்தத்தில் ஒரு சதவீதம்கூடத் தேறாது. சூட்டைக் குறை சொல்ல வேண்டுமானால் 100 ஹெர்ட்ஸ் பகுதியில்தான் சொல்ல வேண்டும், அதுவோ பயத்தைத் திரும்பக் கொண்டுவருகிற பகுதி. இரண்டும் எதிரெதிர்ப் பலன் தருவதே சூட்டு வாதத்துக்குப் பாதகம்.

கண்: இதனால்தான் ஒளியிழை மண்டையில் சேரும் இடத்தில் பல் மருத்துவர் சிமெண்டில் கரித்தூள் கலந்து பூசுவார்கள். சில ஆய்வகங்களில் கறுப்பு நெயில் பாலிஷ்கூட அடிப்பார்கள். இருட்டில் கசிவு பார்த்தால் தலையில் நீலமாக ஒரு வளையம் தெரியும், அது மறையும்வரை பூச வேண்டும். ஆனாலும் பூச்சை நம்பித் தப்பிக்க முடியாது. கட்டுப்பாட்டு எலிதான் கைகொடுக்க வேண்டும். ஷாக்கோடு இணைக்காத எலிகளும் அதே ஒளியைப் பார்த்தனவே, அவை பயப்படவில்லை. 1 ஹெர்ட்ஸ் வெளிச்சம் பார்த்தால் பயம் போய் 100 ஹெர்ட்ஸ் பார்த்தால் பயம் வரும் என்று கண்ணை வைத்து விளக்குவதும் கஷ்டம்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது, பொறியாளர் என்பதால் உங்களுக்குப் பிடிக்கும். உலோக மின்முனைமேல் ஒளி பட்டால் அதிலேயே மின்னழுத்தம் பிறக்கும். பதிவில் ஒவ்வொரு துடிப்புக்கும் அழகான கீழ்நோக்கிய குத்து ஒன்று தெரியும். புதிதாக வருகிற மாணவர்கள் "சார், பதில் வந்துவிட்டது" என்று துள்ளுவார்கள். மின்முனையை வெறும் உப்புக்கரைசலில் வைத்து விளக்கைப் போட்டாலும் அதே குத்து வரும். எங்கள் ஆய்வகத்தில் புதியவர்களுக்கு முதல் நாளே இந்தச் சோதனையைச் செய்ய வைத்துவிடுவோம். கண்ணாடிக் குழாய் மின்முனையில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு.

சும்மா_வந்தேன் எழுதியது:

எல்லாம் சரி, பத்து வருடத்துக்கு முன்னால் விட்டுப்போன ஒருத்தியின் நினைவுக்கு எத்தனை ஹெர்ட்ஸ்?

மட்டுறுத்துநர் எழுதியது:

சும்மா_வந்தேன், உங்களுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே வேண்டாம்.

தேன்மொழி_டொராண்டோ எழுதியது:

கயல் தங்கச்சி, கொஞ்சம் மாறுபட்டுச் சொல்கிறேன். மேலே எல்லோரும் "பயம் போயிற்று" என்பதை "நினைவு அழிந்தது" என்றே எடுத்துக்கொள்கிறீர்கள். எலி காட்டாமல் விட்டது வேறு, எலியிடம் இல்லாமல் போனது வேறு.

எம்.ஐ.டி.யில் சுசுமு டொனேகாவா ஆய்வகத்தில் ஷூ லியுவும் ஸ்டீவ் ராமிரெஸும் 2012-இல் செய்ததைப் பாருங்கள். கற்கும் நேரத்தில் துடித்த நியூரான்களில் சி-ஃபாஸ் மரபணு விழித்துக்கொள்ளும். அந்த விழிப்போடு சேனல்ரோடாப்சினைக் கோத்துவிட்டு, தீனியில் டாக்சிசைக்ளின் கலந்து கொடுத்தால் கோத்தது வேலை செய்யாது, நிறுத்தினால் வேலை செய்யும். வேண்டிய நாளில் மட்டும் மருந்தை நிறுத்தி, அன்று துடித்த நரம்பணுக்களை மட்டும் அடையாளம் செய்தார்கள். பிறகு வேறு கூண்டில் வைத்து அந்த அணுக்களுக்கு ஒளி கொடுத்தால் எலி உறைந்து நின்றது. அடுத்த வருடம் நடக்காத ஒன்றையே நடந்ததாக எலியை நம்ப வைத்தார்கள்.

எனக்கு முக்கியமானது 2015-இல் தோமஸ் ரையன் அதே ஆய்வகத்தில் செய்தது. கற்றவுடன் அனிசோமைசின் கொடுத்துப் புரத உற்பத்தியைத் தடுத்தார்கள். அந்த அணுக்களில் சினாப்ஸ் பலப்படவில்லை, முட்கள் (நியூரானின் கிளைகளில் சினாப்ஸ் அமரும் சிறு புடைப்புகள்) பெருகவில்லை. கூண்டில் விட்டால் எலிக்கு ஞாபகம் இல்லை. பாடப்புத்தகக் கணக்கில் நினைவு உருவாகவே இல்லை. ஆனால் அந்த அணுக்களுக்கு நேரடியாக ஒளி கொடுத்தபோது உறைந்து நின்றது!

அப்படியென்றால் பலப்படுவது நினைவை எடுக்கிற வழிக்குத்தானே தேவை? சேமிப்பு எந்த அணு எந்த அணுவோடு இணைந்திருக்கிறது என்பதில் இருக்கலாம். நபாவியும் மாலினோவும் வழியை அடைத்துத் திறந்தார்கள், அவ்வளவுதான்.

பழைய அலைக்காட்டி எழுதியது:

தேன்மொழி சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் அந்த முடிவுக்கு அவ்வளவு வேகமாகப் போகக்கூடாது. விளக்கை வைத்து ஒரு கூட்டம் அணுக்களை மொத்தமாக எழுப்புவது இயற்கையான ஞாபகமே அல்ல. அவ்வளவு அணுக்களை ஒரே நேரத்தில் தட்டினால் பலவீனமான சினாப்ஸ் வழியாகவும் செய்தி போய்விடும். அனிசோமைசின் வலுவூட்டத்தை முழுக்கத் தடுத்ததா, மிச்சம் வைத்ததா என்பதும் கேட்க வேண்டியது.

ஜப்பானில் டொயாமா பல்கலைக்கழகத்தில் கவோரு இனோகுச்சி குழு 2018-இல் இதைத்தான் கேட்டது. அவர்கள் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து மறதியை முழுமையாக்கினார்கள். அப்போது அணுக்களைத் தூண்டினாலும் பயம் வரவில்லை. அதற்குப் பிறகு அந்த ஒரு நினைவுக்குரிய இணைப்புகளில் ஒளியால் எல்.டி.பி. கொடுத்தால் பயம் திரும்பியது. பக்கத்திலிருந்த இன்னொரு நினைவு அப்படியே இருந்தது.

தேன்மொழி_டொராண்டோ எழுதியது:

ஐயா, அந்தக் கட்டுரை என் பக்கம்தானே பேசுகிறது! எல்.டி.பி. கொடுத்ததும் எந்த நினைவு திரும்பியது? பழைய அதே நினைவு. எங்கே பலப்படுத்த வேண்டும் என்ற தகவல் எங்கிருந்து வந்தது? அடையாளம் செய்த அணுக்கள் எவை, அவை எதோடு இணைந்திருக்கின்றன என்பதிலிருந்துதான். இணைப்பு வரைபடம் மருந்துக்குத் தப்பிவிட்டது.

கயலின் கட்டுரையிலும் இதற்கொரு தடயம் இருக்கிறது. இணைத்துப் பழக்காத எலிகளுக்கு எல்.டி.பி. மட்டும் கொடுத்தபோது பயம் பிறக்கவில்லை. சினாப்ஸைப் பலப்படுத்துவது மட்டுமே நினைவென்றால் பிறந்திருக்க வேண்டும். மோரிஸ் கேட்ட நடக்காத அனுபவத்துக்கான நினைவு, எல்.டி.பி. மட்டும் கொடுத்தபோது அங்கே உண்டாகவில்லை. செய்திகளில் இதைச் சொல்லவே மாட்டார்கள்.

பழைய அலைக்காட்டி எழுதியது:

ஷாக் வரும்போது வேறு ஏதோ சேர்ந்து மாறுகிறது என்பதற்கு அது சான்று. அமிக்டலாவிலேயே வேறு உள்ளீடுகள், தடுப்பு நியூரான்கள், நாம் தொடாத இடங்கள். அதனால் சினாப்ஸ் வலு தேவையில்லை என்று ஆகாது. ஒரு தூண் மட்டும் வீட்டைத் தாங்கவில்லை என்பதால் தூணே வேண்டாமா? இதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம், கயல் இரண்டையும் எழுதிக்கொள்ளட்டும்.

மின்கம்பி எழுதியது:

இவ்வளவு சிரமத்துக்கு மருந்தே கொடுத்துவிடலாமே? சினாப்ஸை நேராகத் தளர்த்தும் மருந்து இல்லையா?

பழைய அலைக்காட்டி எழுதியது:

அந்தக் கதையும் நடந்தது. 2006-இல் டாட் சாக்டர் முதலியோர் ஸிப் என்ற பெப்டைடை ஹிப்போகேம்பஸில் செலுத்தினார்கள். எல்.டி.பி.யும் போயிற்று, ஒரு நாள் முந்தைய நினைவும் போயிற்று. பி.கே.எம். ஸீட்டா என்ற நொதியை அது தடுப்பதாகச் சொன்னார்கள். 2013-இல் அந்த நொதியே இல்லாத எலிகளை இரண்டு குழுக்கள் உருவாக்கின. அவை நன்றாகவே கற்றன, ஸிப் கொடுத்தால் அவற்றுக்கும் நினைவு போயிற்று! மருந்து எதைத் தொடுகிறது என்று தெரியாமல் வாதம் செய்தால் இப்படித்தான் ஆகும். அந்த நொதி இல்லாத இடத்தில் வேறொரு நொதி வேலையை எடுத்துக்கொள்கிறது என்று பிறகு பதில் சொன்னார்கள், விவகாரம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

பாறைச்செடி எழுதியது:

தேன்மொழி அக்காவும் ஐயாவும் மோதுகிற இடத்தில் ஒரு விஷயம் விடுபடுகிறது. இதுவரை பேசிய எல்லாக் கருவியும் நியூரானைத் துடிக்க வைக்கிற கருவி. துடிப்பின் பின்விளைவாகத்தான் சினாப்ஸ் மாறுகிறது. சினாப்ஸை மாற்றும் இயந்திரத்தையே ஒளியால் தொட முடிந்தால்? வழிகாட்டிக்கு நான் சொல்ல விரும்பும் பதில் அதுதான். மின்முனையால் ஒருபோதும் முடியாத காரியம்.

ஜப்பானில் ஹருவோ கசாய் ஆய்வகம் 2004-இல், ஒற்றை முள்ளின் மேல் ஒளியால் குளூட்டமேட்டை (நியூரான்கள் செய்தி கடத்தும் வேதிப்பொருள்) விடுவித்தால் அந்த முள் மட்டும் பெரிதாகிறது என்று காட்டியது. பலப்பட்ட முள் பெரிதாகும். சரி, அதைத் திரும்பச் சிறிதாக்கினால்? 2015-இல் அகிகோ ஹயாஷி-டக்காகி இதே யோசனையை எலியின் இயக்கப் புறணியில் செய்தார். ராக்-1 என்ற புரதத்தை ஒளிக்கு விழிக்கும் விதமாக மாற்றி, அண்மையில் பலப்பட்ட முட்களில் மட்டும் போய்ச் சேரும்படி அமைத்தார். எலி சுழலும் உருளையில் ஓடப் பழகியது. பிறகு நீல ஒளி. புதிதாகப் பெருத்த முட்கள் சுருங்கின, பழகிய திறமையும் சரிந்தது.

இதில் ஒளியைப் பிடிக்கிற துண்டு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஓட்ஸ் செடி வெளிச்சத்தை நோக்கி வளைவதற்கு வைத்திருக்கும் புரதத்திலிருந்து. பாலில் போட்டுக் குடிக்கிறோமே, அதே ஓட்ஸ்.

மின்கம்பி இப்போது என்ன கேட்பார் என்று தெரியும்: முட்களைச் சுருக்கினால் எலிக்கு ஓடவே முடியாமல் போயிருக்கலாமே? அதையும் பார்த்தார்கள். குறுகிய கட்டைமேல் நடக்கிற வேறொரு பயிற்சியில் பெருத்த முட்களைச் சுருக்கினால் உருளை ஓட்டம் கெடவில்லை. ஒரே புறணி, ஒரே ஒளி, எந்தப் பயிற்சியின் முட்கள் என்பது மட்டும் மாறியது.

2017-இல் ஹிடேஜி முரகோஷி முதலியோர் கேம்கே-2 என்ற நொதியை நீல ஒளியால் அடைக்கும் கருவியைச் செய்தார்கள். முள் பெரிதாக அந்த நொதி எவ்வளவு நேரம் விழித்திருக்க வேண்டும்? ஏறக்குறைய ஒரு நிமிடம். அதற்குப் பிறகு அடைத்தால் ஒன்றும் ஆகவில்லை. மருந்து கரைந்து பரவவே அதைவிட நேரம் எடுக்கும், இந்த ஒரு நிமிடத்தை மருந்தால் பிடித்திருக்க முடியாது.

கடைசியாக, எனக்கு மிகப் பிடித்தது. கியோட்டோவில் அகிஹிரோ கோட்டோ, யசுனோரி ஹயாஷி, 2021, சயின்ஸ். எல்.டி.பி.யின்போது முள்ளுக்குள் குவியும் கோஃபிலின் என்ற புரதத்தோடு, ஒளி பட்டால் ஆக்சிஜனைச் சீண்டிப் பக்கத்திலிருப்பதைக் கெடுக்கும் புரதம் ஒன்றை ஒட்டினார்கள். அது பலப்பட்டுக்கொண்டிருக்கிற முள்ளை மட்டும் பழைய நிலைக்குத் தள்ளும். இதை வெவ்வேறு நேரத்தில் போட்டுப் பார்த்தார்கள். கற்ற உடனே ஹிப்போகேம்பஸில் போட்டால் நினைவு போயிற்று. அன்றைய தூக்கத்தில் அதே இடத்தில் போட்டாலும் போயிற்று. மறுநாள் தூக்கத்தில், முன்புறச் சிங்குலேட் புறணியில் போட்டாலும் போயிற்று. கற்றலுக்கு ஒரே ஒரு எல்.டி.பி. இல்லை, இடம் மாறி நேரம் மாறி அடுத்தடுத்து நடக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது. சான் டியேகோ கட்டுரை எழுப்ப முடியாத கேள்வி இது.

தேன்மொழி_டொராண்டோ எழுதியது:

இதை ஏற்கிறேன். முள்ளைச் சுருக்கி நினைவு போனால், வலு வெறும் வழி என்று சொல்வது எனக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் சுருக்கிய பிறகு அந்த அணுக்களை நேரடியாக எழுப்பிப் பார்த்தார்களா என்று கேட்பேன். அதுவரை வழக்கை மூட மாட்டேன்.

இளங்கோ_76 எழுதியது:

அப்பாவுக்கு அல்சைமர் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அழிந்ததை ஒளியால் திரும்பக் கொண்டுவரலாம் என்றால், மனிதர்களுக்கு எப்போது?

தேன்மொழி_டொராண்டோ எழுதியது:

அண்ணா, வருத்தமாக இருக்கிறது. ஒளிக்காமல் சொல்கிறேன். 2016-இல் டீராஜ் ராய், டொனேகாவா ஆய்வகத்தில், அல்சைமர் மாதிரி எலிகளில் ஆரம்பக் கட்டத்தில் ஒளியால் முட்களைப் பெருக்கினார், ஞாபகம் திரும்பியது. ஆனால் அது மரபணு மாற்றிய எலி, முன்பே அடையாளம் செய்து வைத்த ஒரே ஒரு நினைவு, மண்டைக்குள் ஒளியிழை. அப்பாவின் நினைவுகளை யாரும் முன்பே அடையாளம் செய்து வைக்கவில்லை. மனிதனில் இந்த முறை எட்டியிருப்பது கண்வரைதான்: விழித்திரை கெட்டுப் பல வருடம் பார்வையில்லாமல் இருந்த 58 வயதுக்காரர் ஒருவர், விசேஷக் கண்ணாடியோடு மேசையில் இருந்த பொருளைக் கண்டு தொட்டதாக 2021-இல் வெளியிட்டார்கள். மூளை நினைவுக்கு இப்போது ஒன்றும் இல்லை. யாராவது "ஒளி சிகிச்சை" என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நரம்பியல் மருத்துவர் எழுதியதை விடாமல் தொடருங்கள்.

இளங்கோ_76 எழுதியது:

நன்றி அம்மா. இப்படி நேராகச் சொன்னதே போதும்.

மின்கம்பி எழுதியது:

எனக்கு ஒரே ஒரு பாக்கி. நியூரானைத் தூண்டுவது சரி, அணைக்கிற பக்கம் நம்பகமானதா?

பாறைச்செடி எழுதியது:

அணுவின் உடலில் ஓரளவு நம்பலாம். இழைமுனையில் கவனம் தேவை. ஆர்க்கிரோடாப்சின் என்ற புரதம் புரோட்டானை வெளியே தள்ளி நியூரானை அமைதியாக்கும். அதையே முனையில் நிமிடக்கணக்கில் எரியவிட்டால் உள்ளே காரத்தன்மை ஏறி, கால்சியம் நுழைந்து, அடக்க வேண்டிய முனை தானாகவே நரம்பு வேதிப்பொருளைக் கசியவிடும். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஓஃபர் யிஸ்ஹார் குழு 2016-இல் இதைக் காட்டியது. அதற்கு முன்பு முனையை அடக்கினோம் என்று எழுதிய கட்டுரைகளை நான் இப்போது பென்சிலோடுதான் படிக்கிறேன். அதே குழு 2021-இல் கொசுவின் ஒளிப்புரதம் ஒன்றை வைத்து முனையை முறையாக அடக்கும் வழியைக் கொண்டுவந்தது.

தூண்டுகிற பக்கத்திலும் ஒரு பள்ளம் உண்டு. சேனல்ரோடாப்சின் முனையிலேயே திறந்தால் கால்சியமும் கொஞ்சம் உள்ளே போகும், இயற்கையான துடிப்பைவிட அதிகமாக வெளியேற்றும். இதில் வைரஸின் வகைகூடப் பலனை மாற்றும். எங்கள் சீவல்களில் முடிந்தவரை முனையிலிருந்து தள்ளி, இழையின்மேல் ஒளி போடுவோம்.

கயல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முதல் படமாக வைரஸ் செலுத்திய இடமும் ஒளி விழும் இடமும் வேறு வேறு என்பதை வரைந்துவிட்டேன். இணைக்காத எலிகளின் வரைபடத்தை இரண்டாவதாக வைக்கிறேன். தேன்மொழி அக்காவின் கேள்வியை நானே கேட்டுவிடப் போகிறேன், இல்லாவிட்டால் வழிகாட்டி கேட்பார்.

இன்னொன்று. எங்கள் துறையில் பழ ஈ வளர்க்கிறோம், எலிக்கு வசதி இல்லை. ஒளியை வைத்துக் கற்றலைப் பார்க்கிற மாதிரி ஈயில் ஏதாவது செய்ய முடியுமா?

பாறைச்செடி எழுதியது:

ஈயில்தான் முதலில் செய்தார்கள் என்றே சொல்லலாம். 2006-இல் ஜெர்மனியில் ஆந்த்ரே ஃபியாலா குழு, பழ ஈப் புழுக்களுக்கு ஒரு வாசனை கொடுக்கும் நேரத்தில் டோபமைன் நியூரான்களை நீல ஒளியால் தூண்டியது. புழு அந்த வாசனையை வெறுக்கக் கற்றது. ஆக்டோபமைன், டைரமைன் நியூரான்களைத் தூண்டினால் விரும்பக் கற்றது. ஷாக்கும் இல்லை, சர்க்கரையும் இல்லை. 2009-இல் மீசென்பொக் குழு வளர்ந்த ஈயில் தேடி, இந்த வேலைக்குப் பன்னிரண்டு நியூரான்களே போதும் என்று காட்டியது.

உங்களுக்கு வேண்டியது: சிவப்பு ஒளிக்குப் பதில் சொல்லும் கிரிம்சன் வகை ஈ வரிசை, சிவப்பு எல்.இ.டி., அகார் தட்டு, இரண்டு வாசனைப் பொருள். மரபணு மாற்றிய ஈ என்பதால் கல்லூரியின் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதியை முதலில் வாங்குங்கள், அதற்குத்தான் நேரம் பிடிக்கும். ஒளிப்புரதம் வேலை செய்யத் தேவையான ரெட்டினலை ஈக்குத் தீனியில் கலந்து கொடுக்க வேண்டும். பாலூட்டிகளின் மூளையில் அது தேவையான அளவுக்குத் தானாகவே இருக்கும், ஈயில் போதாது. கலக்காத தீனியில் வளர்ந்த அதே வரிசைப் புழுக்களைக் கட்டுப்பாடாக வைத்துக்கொள்ளலாம். கலந்த தீனிக் குப்பிகளை அலுமினியத் தாளில் சுற்றி இருட்டில் வையுங்கள், வெளிச்சம் பட்டால் ரெட்டினல் கெட்டுவிடும். வரிசை எங்கே வாங்குவது என்று தனிமடலில் கேளுங்கள்.